வியாழக்கிழமை நல்ல நேரம்

“அப்பாவ வியாழக்கிழமையே ஹோம்ல கொண்டுபோய் விட்டாச்சும்மா, அண்ணன் கூட இருந்து எல்லாம் பாத்துட்டான், ஒரு பிரச்சனையும் இல்ல”ன்னு சொல்லிட்டு எம் மக கோகிலவாணி மெனு அட்டையை என் முன்னால விரிச்சு வெச்சா. “நூடுல்ஸ் சாப்பிடறியா, இல்ல இந்தக் கொழுக்கட்டை மாதிரி இருக்குதே இது சொல்லட்டா, உள்ள முட்டைக்கோஸ்தான், கறி இல்ல”ன்னு கேட்டா. அதே மூச்சுல. நடுவுல எச்சில் முழுங்கக்கூட இல்ல. நான் அட்டையையே பாக்கறேன், படத்துல ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு மேல ஆவி பறக்குது. விட்டாச்சுன்னா என்ன, எத விட்டாச்சு? பூனையச் சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கட்ட கொண்டுபோய் விடுவாங்க. பிள்ளைய ஸ்கூல்ல விடுவாங்க, அதையாவது சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வருவாங்க. இவங்க விட்டது யார, நாச்சிமுத்துவ, வாய்விட்டு அந்தப் பேர நான் இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல, மனசுக்குள்ளதான் சொல்லிக்குவேன், கரண்ட் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்து லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டையர் ஆன மனுஷன, நாப்பத்தொரு வருஷமா எம் பக்கத்துல படுத்த மனுஷன, சொந்தப் பையனும் பொண்ணும் சேந்து விட்டுட்டாங்க. பொள்ளாச்சியில இருந்து எத்தன ஆயிரம் மைலு இது. நான் இங்க டோக்கியோவுல ஒரு கடையில ஈரத்துணியில கை துடைச்சுட்டு உக்காந்திருக்கறேன். சூடான துணி. அதுக்கு ஒரு மூங்கில் தட்டு வேற. கோகிலா இன்னும் பதிலுக்குப் பாத்துட்டிருக்கறா, நூடுல்ஸா கொழுக்கட்டையான்னு. எதோ ஒண்ணு சொல்லு கண்ணுன்னு சொல்லிட்டேன். கண்ணுன்னு வந்துருச்சு வாயில, பழக்க தோஷம்.

இந்தக் கடைக்கு ஒரு விசேஷம் இருக்குது. கேட்டது வராது. வந்தாலும் வரும், வராட்டியும் போகும். பரிமாறறவங்க எல்லாருமே மறதி நோய் இருக்கற வயசானவங்க, பக்கத்துலயே ஒரு இல்லத்துல இருக்கறவங்க, வாரத்துல ஒரு நாள் இங்க வந்து வேல செய்யறாங்களாம். வாசல்ல மழைக்குடைய பிளாஸ்டிக் உறையில போடறப்பவே கோகிலா அங்க மாட்டியிருந்த போர்டைப் படிச்சுச் சொன்னா, தப்பா வந்தாலும் ருசியாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு எழுதியிருக்குதாம். நான் அப்ப சிரிச்சேன். அட பரவால்லியே, நல்ல யோசனையா இருக்குதேன்னேன். எனக்கு அப்பவே ஒறச்சிருக்கோணும். பதினாறு நாளா இவ என்ன கூட்டிட்டுச் சுத்துன கடையெல்லாம் சாதாரணக் கடையா? மொத நாள் பொம்ம ரயிலு சோறு கொண்டாந்து மேசையில நிறுத்துச்சு. அடுத்தது ஆஸ்பத்திரி மாதிரி ஒரு ஓட்டல், நர்ஸ் உடுப்புல பொண்ணுங்க, ஜூஸை குளுக்கோஸ் பாட்டில்ல தொங்க விட்டுட்டாங்க, நாலு வருஷமா மறதி வியாதின்னு அவர இழுத்துட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுலயே குடித்தனம் பண்ணுனவளுக்கு அதென்ன வேடிக்க. அப்புறம் ஜெயிலு. போலீஸ் தொப்பி போட்டவன் என்ன குத்தம் பண்ணேன்னு கேட்டு எங் கையில விலங்கு மாட்டி, கம்பிக்கு உள்ள உக்கார வெச்சு சோறு போட்டான். அந்தப் போட்டோவ கோகிலா ஊருக்கு அனுப்பி, எம் பையன் தரணி அதை அவங்கப்பாகிட்டக் காட்டி, அவரு கலங்கிப் போயி அவள எதுக்குடா புடிச்சாங்க, ஜாமீனுக்கு ஆளப் பாருன்னு சட்டையத் தேடுனாராம். சொல்லிச் சொல்லி சிரிச்சோம். அந்த ஆந்தைக் கடையிலயாவது எனக்குப் புத்தி வந்திருக்கோணும். ஆந்தை அலறுனாலே வீட்டுக்கு ஆகாதும்பாங்க, நான் அதைத் தோள்ல உக்கார வெச்சுட்டு காபி குடிச்சிருக்கறேன். இந்தப் பொண்ணு கம்பெனியில சாப்ட்வேர்ல தப்பு கண்டுபுடிக்கற வேல பாக்கறா, எல்லாத்துக்கும் ஒரு பட்டியல் போடுவா, ஒண்ணு முடிச்சாத்தான் அடுத்தது. என்னையும் பட்டியல் போட்டே கூட்டிட்டு வந்திருக்கறா. கடைசியில இந்தக் கடை. இந்த வயசானவங்க சிரிச்சுட்டு வேல செய்யறதப் பாத்தா எம் மனசு எளகிப் போயிரும், அப்பச் சொல்லிக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கறா.

வியாழக்கிழமை நான் எங்க இருந்தேன். செவ்வாய்க்கிழமை ஆந்தை. புதன் மழை, வீட்டுலயே இருந்தோம், மாப்பிள்ளைக்கு ரசம் வெச்சேன். வியாழன்... அந்தப் பொண்ணுங்க கடை. சின்னப் பொண்ணுங்க வேலைக்காரி மாதிரி கவுன் போட்டுக்கிட்டு, வாசல்லயே குனிஞ்சு, வாங்க எஜமானி வீட்டுக்கு வந்துட்டீங்களான்னு கேட்டாங்க, கோகிலாதான் அர்த்தம் சொன்னா. எனக்கு ஒரு ஆம்லெட் வந்துச்சு. அது மேல அந்தப் பொண்ணு தக்காளி சாஸ்ல பூனை மூஞ்சி வரஞ்சா, மீசையோட. சாப்பாடு ருசியாகறதுக்கு ஒரு மந்திரம் இருக்குது, எல்லாரும் சேந்து சொல்லோணும்னா. ரெண்டு கையையும் சேத்து இதயம் மாதிரி புடிச்சுக்கிட்டு எதோ குயிங்குயிங்னு சொன்னோம். நானும் சொன்னேன். அறுபத்திரண்டு வயசு பொம்பள, இருபத்தாறு வருஷம் சத்துணவு மையம் நடத்துனவ, கரண்டிய மேசையில தட்டுனா நூத்தி இருபது பிள்ளைக கப்சிப்னு ஆகும், நான் கையில இதயம் புடிச்சுட்டு குயிங்குன்னேன். கண்ணுல தண்ணி வர சிரிச்சேன். எத்தன மணி அது? போன எடுத்தேன். போட்டோவுக்கு மேல மணி இருக்குது, ரெண்டு நாலு. இங்க ரெண்டு நாலுன்னா அங்க மூணரை மணி நேரம் கழிச்சுக்கோணும். பத்து முப்பத்தி நாலு.

“எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க”ன்னு கேட்டேன். “என்னம்மா?” “வியாழக்கிழமை. எத்தன மணிக்குடி?” கோகிலா தண்ணி கிளாச நகத்துனா, உள்ள ஐஸ்கட்டி மோதுது. “பத்தரை மணிக்கு. அதெல்லாம் எதுக்கும்மா இப்ப.” பத்தரை. பூனைக்கு மீசை போடறப்ப. அந்தப் பக்கம் ரெண்டு கோடு இந்தப் பக்கம் ரெண்டு கோடு. அங்க தரணி காரை வாசல்ல நிறுத்தியிருப்பான். அவரு செருப்பத் தேடியிருப்பாரு, அது எப்பவும் பாத்ரூம் கிட்டத்தான் கிடக்கும், அது தரணிக்குத் தெரியாது, தேடியிருப்பாங்க. என்னக் கேட்டிருப்பாரா. எங்க அவ, கதவப் பூட்டோணுமில்லன்னு. இல்ல, கேக்காமலே ஏறி உக்காந்திருப்பாரா, எங்கயோ கல்யாணத்துக்குப் போறம்னு நெனச்சுக்கிட்டு. பத்தரை, பத்தரை. வெள்ளிக்கிழமை போன் பண்ணுனேன், தூங்கறாரும்மான்னான் தரணி. சனிக்கிழமை பண்ணுனேன், இப்பத்தாம்மா சாப்பிட்டுப் படுத்தார்னான். ஞாயித்துக்கிழமை, வெளியில நடக்கப் போயிருக்கார்னான். பகல்ல ஒரு பொட்டுத் தூங்காத மனுஷன் எப்படிடா தூங்கறாருன்னு ஒரு வார்த்த கேட்டனா நானு. கேக்கல. சரி தூங்கட்டும்னு வெச்சுட்டேன். வெச்சுட்டு நான் போய்த் தூங்குனேன், நெஜம் இதுதான், யாருகிட்டச் சொல்ல. இங்க வந்ததுல இருந்து படுத்தா விடியற வரைக்கும் தூங்கறேன். நாலு வருஷமா இல்லாத தூக்கம். காலையில எந்திரிச்சு, கதவு திறந்திருக்குதா, கேஸ் மூடியிருக்குதான்னு பதறிட்டு, அட இது கோகிலா வீடுன்னு தெரிஞ்சதும் மறுபடி போத்திக்கறேன். அந்தப் போர்வைக்குள்ள எனக்குச் சுகமா இருந்துச்சு. அதுக்குத்தான் இந்தத் தண்டனையா. சீ, இதென்ன நெனப்பு, தப்புப் பண்ணுனது அவங்க, நான் எதுக்கு என்னைக் குத்திக்கறேன்.

ஒரு அம்மா தட்டு கொண்டாந்து வெச்சாங்க. எண்பது வயசு இருக்கும், வெள்ளை முடிய ஒட்ட வெட்டி, ஆரஞ்சுக் கலர் ஏப்ரன், நெஞ்சுல பேரு. ஃபூமிகோன்னு எழுதியிருக்குதுன்னா கோகிலா. நூடுல்ஸும் வரல கொழுக்கட்டையும் வரல. மஞ்சளா ஒரு குழம்பு சோறு வந்திருக்குது, அதுவும் ஒண்ணுதான், எனக்கு வெச்சுட்டு கோகிலாவுக்கு வெறும் ஸ்பூன வெச்சுட்டு நிக்கறாங்க. எதோ மறந்துட்டம்னு அவங்களுக்கே தெரியுது, எதுன்னு தெரியல, அந்த முழிய நான் நல்லாப் பாத்திருக்கறேன். சத்துணவுல முட்ட சாப்பிடாத பிள்ளைக்கு வாழப்பழம், மாத்திக் குடுத்துட்டா அன்னிக்கு ஆயாவ உண்டு இல்லைன்னு ஆக்கிருவேன். இங்க பக்கத்து மேசையில ரெண்டு பசங்க, தேன்மிட்டாய் கேட்டா கடலமிட்டாய் வந்த மாதிரி கைதட்டிச் சிரிக்கறாங்க. அந்தம்மாவும் சிரிச்சுட்டாங்க, குனிஞ்சு குனிஞ்சு. “பாத்தியாம்மா”ங்கறா கோகிலா, குரல்ல தேன வெச்சுக்கிட்டு, “எவ்வளவு சந்தோசமா இருக்காங்க. வீட்டுல வெச்சுட்டுத் திட்டிக்கிட்டே இருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா. அப்பா போயிருக்கற இடமும் நல்ல இடம்மா. நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு.” நான் திட்டறனாம். திட்டத்தான் செஞ்சேன், இல்லைங்கல. ஃப்யூஸ் கேரியரப் புடுங்கிப் புடுங்கி அரிசி டின்னுல ஒளிச்சு வெச்சா திட்டாம கொஞ்சுவாங்களா. யாரோ லைன்ல ஏறியிருக்கான், கரண்ட் விட்டுராதே, செத்துருவான்னு கத்துவாரு. யாரும் ஏறல, எந்தக் கம்பத்துலயும் எவனும் இல்ல. நான் இருட்டுல தடவித் தடவி டின்னுக்குள்ள கைய விட்டு எடுத்து மாட்டுவேன், அவரு அழுவாரு, எவனையோ நான் கொன்னுட்டேன்னு. திட்டுவேன், அப்புறம் அழற மனுஷனுக்கு மோர் கரைச்சுக் குடுப்பேன், ரெண்டுந்தான் குடித்தனம். ஒரு வருஷத்துக்கு நாலு நாள் வந்து ஏர்போர்ட் மிட்டாய் குடுத்துட்டுப் போறவளுக்கு மொத பாதி மட்டுந்தான் தெரியும்.

“நாளைக்கு டிக்கெட் மாத்திப் போடு. நான் போயி அவர வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்”னு சொன்னேன். “அம்மா, கோவப்படாமக் கேளு.” “நான் கோவமே படல, டிக்கெட்டப் போடு.” “அண்ணன் எல்லாம் சைன் பண்ணிட்டாம்மா. பத்து நாளைக்கு நம்ம போகாம இருந்தாத்தான் அவருக்கு அந்த இடம் பழகும்னு சொல்லியிருக்காங்க.” பழகும். நாய்க்குட்டிக்குச் சொல்ற மாதிரி. எனக்குப் பழகி நாப்பத்தொரு வருஷம் ஆச்சே, அத யாராச்சும் கேட்டாங்களா? தட்டுல குழம்பு ஏடு கட்ட ஆரம்பிச்சிருச்சு. நான் கரண்டிய எடுக்கவே இல்ல. எம் மண்டையில எதோ ஒண்ணு அரிச்சுட்டே இருக்குது, என்னன்னு புடிபடல, பத்தரை, பத்தரைன்னு திரும்பத் திரும்ப வருது. வியாழக்கிழமை பத்தரை. ஆ. வியாழக்கிழமை பத்தரைல இருந்து பதினொன்னரை நல்ல நேரம். எந்தத் தினசரி காலண்டர்லயும் போட்டிருக்கும். தரணிக்கு இதெல்லாம் தெரியாதே. அவனுக்கு ராகு காலமும் ஒண்ணுதான் ரயில் டைமும் ஒண்ணுதான், புதுக் காரையே எமகண்டத்துல எடுத்துட்டு வந்து அவங்கப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன். காலையில எட்டு மணிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு ஆபீசுக்குப் போயிருக்கலாம், லீவு போட்டு பத்தரை வரைக்கும் எதுக்குக் காத்திருந்தான்?

“நேரம் பாத்தது யாரு?” கோகிலா நிமிந்தா. “என்ன நேரம்?” “நடிக்காதடி. வியாழக்கிழமை பத்தரைன்னு யாரு சொன்னது?” அவ மூஞ்சி மாறிப்போச்சு. சின்னப் பிள்ளையில ஊறுகா பாட்டில ஒடச்சுட்டு நிப்பாளே, அந்த மூஞ்சி. ஈரத்துணிய மடிக்கறா, பிரிக்கறா, மறுபடி மடிக்கறா. “அப்பாதாம்மா.” அப்பாதான். “அவரா?” “அப்பாதான் எல்லாமே. மே மாசம், உனக்கு டிக்கெட் போட்டமில்ல, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அண்ணன்கிட்ட ஒரு காலண்டர் தாளக் குடுத்திருக்கார். அன்னிக்கு ரொம்பத் தெளிவா இருந்தாராம். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரும்மா.” போன்ல எதையோ தேடி எடுத்து எம் பக்கம் திருப்பி வெச்சா. தாளோட போட்டோ. ஜூன் மாச வியாழக்கிழமைத் தாளு, முன்னாலயே கிழிச்சிருக்காரு, அதோட பின்பக்கம் நீல மை. அந்தக் கையெழுத்த நான் எங்க பாத்தாலும் சொல்லிருவேன், எழுத்தெல்லாம் கம்பம் நட்ட மாதிரி நேரா நிக்கும். ஆபீசுக்குக் கம்பத்தப் பத்தி ரிப்போர்ட் எழுதற மாதிரியே எழுதியிருக்காரு. “வசந்தாமணியின் இடது மணிக்கட்டு. முறுக்கியது நான். பாத்ரூமில் வழுக்கியதாக எல்லோரிடமும் சொல்கிறாள். இது மறுபடி நடக்கும். நான் மறந்துவிடுவேன். அவள் மறைத்துவிடுவாள். அவள் ஊரில் இல்லாதபோது என்னை மாற்றவும். வியாழன் 10.30 முதல் 11.30 வரை நல்ல நேரம். அவளிடம் சொன்னால் விடமாட்டாள்.” கீழ கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழ தேதி.

அட பாவி மனுஷா. எங் கை அது. எங் கையி, எம் மணிக்கட்டு, நான் வழுக்கி விழுந்தேன்னு சொன்னா வழுக்கித்தான் விழுந்தேன், அதுல இவருக்கு என்ன வந்துச்சு. பங்குனி மாசம், மத்தியானம், ஃப்யூஸ எங் கையில இருந்து புடுங்கறாரு, எவனோ லைன்ல இருக்கான்டின்னு கத்திக்கிட்டே முறுக்குனாரு, உள்ள எதோ படக்குன்னுச்சு. மாவுக்கட்டு போட்டுட்டு வந்து உக்காந்தப்ப கையில என்னன்னு கேட்டாரு. பாத்ரூம்ல வழுக்கிட்டேனுங்கன்னேன். பாத்து நடக்கக் கூடாதான்னாரு. அப்பத் தெரியுமா இவருக்கு? இல்ல அப்புறம் தெரிஞ்சுதா? எப்பத் தெரிஞ்சுது? அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தினம் எதுக்கால உக்காந்து நான் ஒத்தக் கையில போட்ட சோத்தத் தின்னாரே, அந்தக் கட்டப் பாத்துட்டே தின்னாரே, ஒரு வார்த்த கேக்கலியே. நான்தான் மறைக்கறேன், இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சு ஏமாந்துட்டு இருந்திருக்கறேன். காலண்டர் முன்னால நின்னு நின்னு தாளப் புரட்டுவாரு, பல்லி மாதிரி அங்கயே ஒட்டிக்கிட்டு நிக்காதீங்கன்னு சத்தம் போடுவேன். நாள் பாத்துட்டிருந்திருக்காரு. கல்யாணத்துக்கு நாள் பாப்பாங்க, கிரகப்பிரவேசத்துக்குப் பாப்பாங்க, பொண்டாட்டிய விட்டுட்டுப் போறதுக்கு நல்ல நேரம் பாத்தவன் இந்த உலகத்துலயே எம் புருஷன் ஒருத்தனாத்தான் இருக்கும். புள்ளைக பண்ணுனதக்கூட நான் பொறுத்துக்குவேன், அதுக வளத்த கடா, மார்புல பாயத்தான் பாயும். இவரு? ஆபீஸ்ல ஒரு டீ குடிச்சாக்கூட வீட்டுக்கு வந்து சொல்ற மனுஷன் எங்கிட்டச் சொல்லல. மகன்கிட்டச் சொன்னாரு, மககிட்டச் சொன்னாரு, எங்கிட்டச் சொல்லல. எல்லாத்தயும் மறக்கறாரே, எம் பேரையே ரெண்டு தடவ மறந்தாரே, இத மட்டும் எப்படி மறக்காமப் புடிச்சு வெச்சிருந்தாரு. இதையும் மறந்து தொலைச்சிருக்கலாமில்ல.

பயமா இருக்குது. கோவத்துக்கு அடியில பயந்தான் இருக்குது, வேற என்ன. நான் போயி அவரு முன்னால நின்னா யாருன்னு கேப்பாரா. பதினாறு நாளு, அதுல நாலு நாளு வேற எடத்துல. வீட்டுல இருந்தாலாவது சுவத்தப் பாத்து என்ன ஞாபகம் வெச்சுக்குவாரு, அடுப்பங்கரை சத்தத்துல நான் இருக்கறேன்னு தெரிஞ்சுக்குவாரு. அங்க எந்தச் சுவத்துல நான் இருக்கறேன். அம்மா சாப்பிடும்மா ஆறிப்போகுதுங்கறா கோகிலா, அவளும் அழறா, மூக்க அந்த ஈரத்துணியிலயே துடைக்கறா. ஃபூமிகோ அம்மா திரும்ப வந்து இன்னொரு ஸ்பூன வெச்சுட்டுப் போறாங்க. இப்ப மூணு ஸ்பூன், ஒரு தட்டு. நான் கைய நீட்டுனேன். “அந்த எடத்து நம்பரப் போடு.” “அம்மா, பத்து நாள்...” “போடுடி.” வெளிய கண்ணாடியில மழத்தண்ணி வழியுது, அவ போட்டா. மணி அடிக்குது. அங்க ஒம்பதே முக்கால் இருக்கும், பலகாரம் முடிஞ்சிருக்கும். ஒரு பொண்ணு எடுத்துச்சு, நம்ம கொங்கு பேச்சு. வியாழக்கிழமை வந்தாரே லைன் இன்ஸ்பெக்டரு, அவருகிட்டக் குடுங்கன்னேன். அய்யாவாங்க, இங்கதான் வராண்டாவுல உக்காந்திருக்காருங்க, இருங்க தர்றேன்னுச்சு. நான் என்னென்னமோ கேக்கோணும்னு வெச்சிருந்தேன். ஏனுங்க இப்படிப் பண்ணிட்டீங்க, நான் செத்தா போயிட்டேன், ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டிருக்க மாட்டனா. விட்டிருக்க மாட்டேன், அது எனக்கே தெரியுது. இருந்தாலும் கேக்கோணும். நாளைக்கு வர்றேன், துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டு ரெடியா இருங்கன்னு சொல்லோணும்.

“அலோ”ன்னாரு. நல்ல கணீர்னு இருந்துச்சு குரலு. “ஏனுங்க, நாந்தான்”னேன். “ஆருங்க?” “நாந்தானுங்க.” “ஆபீஸ்ல இருந்துங்களா?” ஆபீஸ விட்டு பதினோரு வருஷம் ஆச்சு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, சொல்லுங்கன்னு மட்டும் வந்துச்சு. அவரு குரலத் தணிச்சுக்கிட்டாரு, கைய வாய்க்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி. “எங்கூட்டு அம்மிணி ஊர்ல இல்லீங்க. மக ஊட்டுக்கு ஜப்பான் போயிருக்கறா. நான் இங்க வந்துட்டது அவளுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா போட்டது போட்டபடி ஓடியாந்துருவா. நாலு வருஷமா அவ கண்ண மூடலீங்க, என்னால கையி ஒடஞ்சு போச்சுங்க அவளுக்கு. இப்பத்தான் எதோ ஆந்தையெல்லாம் தோள்ல வெச்சுக்கிட்டு சிரிச்சுட்டு இருக்கறா, போட்டோ பாத்தேன். நீங்க எனக்கு ஒரு ஒதவி பண்ணோணும். அவ வந்து விசாரிச்சா, எங்க போனாருன்னு தெரியாதுன்னு சொல்லிப் போடுங்க. சொல்லீர மாட்டீங்களே?” எதுக்கால கோகிலா எம் மூஞ்சியவே பாத்துட்டிருக்கறா, என்னம்மா சொல்றாரு, என்ன சொல்றாருன்னு உதட்ட அசைக்கறா. “சொல்ல மாட்டேனுங்க”ன்னேன். “சத்தியமாங்களா?” “சத்தியமாங்க.” “பெரிய ஒதவிங்க. உங்க பேரச் சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறேன், எனக்கு மறந்து மறந்து போகுது”ன்னாரு. பேனாவத் தட்டற சத்தம் கேட்டுச்சு. வசந்தாமணின்னு எம் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அத முழுங்கிட்டு, வாயில வந்த வேற எதோ ஒரு பேரா, “ருக்குமணிங்க”ன்னேன்.